காருக்குத் தாய்மாமன்

சிம்பாங் ரெங்கத்தில் அந்தத் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்து, குளியல் தொட்டி வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். அது தொட்டி இல்லை, இன்னும் காராக மாறாத கார் என்று அந்த வீட்டு மலரும் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டாள். யார் கேட்டார்கள்? வீட்டுப் போர்ச்சில் கதவில்லாமல், கூரையில்லாமல், முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு வெள்ளையம்மா அக்கா மட்டும் கொஞ்சம் மரியாதை தெரிந்தவர். "ஒங்க வீட்டுக்காரரு தொட்டி எப்பம்மா ஓடும்?" என்று மெதுவாகத்தான் கேட்பார்.

வீட்டுக்காரர் சுகுமாறன் காஹாங் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் பாய்லர் பார்க்கிறவர். ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வக்கில்லாதவன் ஸ்போர்ட்ஸ் கார் செய்துகொள்ளலாம் என்று யார் அவர் காதில் ஓதினார்களோ, ஒருநாள் லாரியில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. இரும்புச் சட்டம் தனி, ஃபைபர் உடம்பு தனி, ஆணி எல்லாம் பொட்டலம் பொட்டலமாகத் தனி. எஞ்சின் மட்டும் எங்கேயோ பின்பக்கம் நசுங்கிப்போன பழைய காரிலிருந்து கழற்றி வந்தது. ஆறே மாதத்தில் ஓடும் என்றார். ஆறு மாதத்தில் ஓடியது மலரின் தூக்கம்தான்.

நீராவி என்றால் சுகுமாறனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வயர் என்றால் தெரியாது. ஆனால் வயரிலேயே பிழைக்கிற ஆள் ஒருவர் சொந்தத்தில் இருந்தார். மலரின் அண்ணன் ரூபேந்திரன், மாசாயில் குடியிருந்துகொண்டு சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் வயர்மேன் வேலைக்குப் போய் வருகிறவர். அவரைக் கூப்பிட்டால் ஒரே நாளில் முடிந்துபோகும். ஆனால் மச்சானும் மச்சானும் பேசிக்கொள்வதில்லையே!

அந்தக் கதையைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. மகள் லோஷினிக்குப் பன்னிரண்டு வயதில் சடங்கு வைத்தார்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்கு முதல் மாலை தாய்மாமன் கையால்தான் விழ வேண்டும், அது அவருடைய உரிமை. ரூபேந்திரன் தங்காக் வரைக்கும் போய்ப் பட்டுச்சேலை எடுத்து, சீர்த்தட்டெல்லாம் ஜோடித்து வைத்துவிட்டு, இரவு வேலை முடித்து வரும்போது சிங்கப்பூர்ப் பாலத்தில் மாட்டிக்கொண்டார். ஜோகூர் பாலத்து நெரிசல் யாருக்குச் சொந்தம், யாருக்கு விசேஷம் என்றா பார்க்கும்? இங்கே மண்டபத்தில் நல்ல நேரம் முடியப்போகிறது என்று சுற்றி நின்றவர்கள் பறந்தார்கள். சுகுமாறனும் பதற்றத்தில், "நேரம் போகுது, யாராச்சும் போடுங்கப்பா" என்றார். மலருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் செல்லப்பன், கூப்பிட்ட குரலுக்கு முன்னே நிற்கிறவர், மாலையை எடுத்துப் போட்டுவிட்டார்.

ரூபேந்திரன் தட்டோடு வாசலுக்கு வந்தபோது பெண் கழுத்தில் மாலை இருந்தது. அதைக்கூடப் பொறுத்திருப்பார். "யாராச்சும் போடுங்க" என்ற சொல்லை எவரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. தட்டோடு திரும்பிப் போய்விட்டார். நான்கு வருடம் தீபாவளிக்குத் தங்கைக்குச் சேலையும் பலகாரமும் கொண்டுவருவார், கேட்டுக்கு வெளியிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போவார். மலர் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அழுவாள். அழுதால் அண்ணனுக்கும் கண் கலங்கும், கால் மட்டும் உள்ளே வராது.

உள்ளே வரவைத்தது ஹாரன். நான்காம் வருடத் தீபாவளிக்கு முந்தின நாள் சுகுமாறன் காரில் எதையோ எதிலோ கோத்துவிட்டார். ஹாரன் அலற ஆரம்பித்தது, நிற்கவில்லை. தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது. சுகுமாறன் ஒவ்வொரு வயராகப் பிடுங்குகிறார், அது இன்னும் குஷியாகக் கத்துகிறது. கேட்டுக்கு வெளியே பலகாரப் பையோடு நின்ற ரூபேந்திரன் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பார்? தொழில் தெரிந்தவன் கண்ணுக்கு அது சித்திரவதை அல்லவா? பையை மலர் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே வந்தார், ஒரே ஒரு வயரைப் பிடித்து இழுத்தார். சத்தம் நின்றது.

"எர்த்து எங்க?" என்றார்.

"எந்த எர்த்து?" என்றார் சுகுமாறன்.

"அலாமாக்!" என்று தலையில் கை வைத்தார் ரூபேந்திரன். நான்கு வருடம் கழித்து மச்சானும் மச்சானும் பேசிய பேச்சு அவ்வளவுதான். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வயர்ச் சுருளோடு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். இரண்டு வருடம் வந்தார்.

பேச்சு எல்லாம் காரைப் பற்றித்தான். அதுவும் நேருக்கு நேர் கிடையாது. "மலரு, அந்தப் பன்னெண்டாம் நம்பர் ஸ்பானர எடுக்கச் சொல்லு" என்பார் அண்ணன். ஸ்பானர் வைத்திருக்கிறவர் ஒரு முழத் தூரத்தில்தான் இருப்பார். "எடுத்தாச்சுன்னு சொல்லு" என்பார் கணவர். நடுவில் மலர் கையில் தோசைக் கரண்டியோடு நிற்பாள். மச்சான் என்ற வார்த்தை மட்டும் இருவர் வாயிலிருந்தும் வரவே இல்லை. வராவிட்டால் போகிறது, ஞாயிறு வந்தால் அண்ணன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாரே, அது போதும் அவளுக்கு. அதனால்தான் கார் வளர வளர அவளுக்கு ஒரு பக்கம் சந்தோஷமும் ஒரு பக்கம் பயமும் சேர்ந்து வளர்ந்தது. இது முடிந்துவிட்டால் அண்ணன் எதற்காக வருவார்?

ஒருநாள் அது முடிந்துதான் போனது. சொந்தமாகக் கட்டிய காரைச் சாலையில் விடுவது லேசுப்பட்ட காரியமா? படம் கேட்டார்கள், எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள், பிரேக்கைக் கேட்டார்கள், விளக்கின் உயரத்தைக் கேட்டார்கள். எல்லாம் கொடுத்து, கடைசியில் நம்பர் இல்லாத காரை லாரியில் ஏற்றிக்கொண்டு சோதனை மையத்துக்குப் போனார்கள். பிரேக் பாஸ். விளக்கு பாஸ். புகை பாஸ். அதிகாரி டார்ச்சை எடுத்து முன்சட்டத்தில் குத்தியிருக்கும் சேசிஸ் நம்பரைத் தேடினார். அங்கே நம்பரைக் காணோம். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு அடைதான் இருந்தது.

"இது என்ன பெயிண்ட்?" என்று மலாயில் கேட்டார் அதிகாரி.

மலருக்கு உடம்பு கூசிப்போனது. எஞ்சின் முதன்முதலாக உயிர் பெற்ற அன்றைக்குச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தவள் அவள்தான். சட்டத்தில் தட்டையாக ஓர் இடம், பொட்டு வைப்பதற்கென்றே விட்டுவைத்த மாதிரி இருந்தது. அதோடு விட்டாளா? வெள்ளிக்கிழமை தவறாமல், தன் வெள்ளிக் குங்குமச்சிமிழைத் திறந்து, முந்தின பொட்டின் மேலேயே வைத்துக்கொண்டு வந்தாள். குழிகுழியாகக் குத்தியிருந்த நம்பர் மொத்தமும் சந்தனம் அடைத்து இறுகிப்போயிருந்தது.

"சாமி கும்பிட்டதுங்க, என்சிக்" என்று அவள் மலாயில் இழுத்தாள். அதிகாரி சிரித்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் படிக்க முடியாத நம்பரை அவர் எப்படி எழுதுவார்? சுத்தம் செய்துகொண்டு வேறொரு நாள் வரச் சொன்னார்.

திரும்பும்போது லாரியின் முன்சீட்டில் அவளை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

"ரெண்டு வருசம் ராத்திரி பகலா உழைச்சது, ஒரு பொட்டுல போச்சு" என்றார் கணவர்.

"ஒரு பொட்டா? கேக்கு மாதிரிலா இருந்துச்சு!" என்றார் அண்ணன்.

"மெழுகுவத்தி ஏத்தாததுதான் பாக்கி" என்றார் கணவர். அண்ணன் சிரித்த சிரிப்பில் லாரி டிரைவரே திரும்பிப் பார்த்தார். மலர் முகத்தைக் கோபமாகத் தூக்கி வைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்குக் கோபமே இல்லை. ஆறு வருடத்தில் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று சிரித்தது அன்றைக்குத்தான். இதற்காக இன்னும் பத்துக் காருக்குக் குங்குமம் அப்பலாம் என்று இருந்தது.

பழைய பல்துலக்கும் பிரஷை வைத்துத் தேய்த்து எடுத்து, மறுமுறை போய்ப் பாஸ் வாங்கினார்கள். மிச்சம் இருந்தது பதிவுதான். மூவருமாகப் போக்குவரத்து இலாகா அலுவலகத்துக்குப் போய், வரிசை நம்பர் வரக் காத்திருந்து, கவுண்டர் கண்ணாடிக்கு முன்னால் நின்றார்கள். உள்ளே இருந்த மலாய்ப் பெண் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தாள். கெரான் யார் பெயரில் என்று கேட்டாள். காருக்குச் சொந்தக்காரர் யார் என்று அச்சாகி வருவது அந்தக் கெரானில்தான். அதில் ஒரு பெயருக்குத்தான் இடம்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை யோசித்தவர்கள் இதை யோசிக்கவே இல்லை. நம் வீடுகளில் பொருளெல்லாம் நம்ம பொருள்தானே, அதற்கு ஒற்றைப் பெயர் ஒன்று வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

"அவங்க பேர்ல போடச் சொல்லு மலர்" என்றார் சுகுமாறன். "வயரிங் இல்லாட்டி இது இன்னும் பொட்டிலதான் கெடந்திருக்கும்."

"எதுக்கு? வீடு அவங்க வீடு, வண்டி அவங்க வண்டி. அவங்க பேர்லயே போடச் சொல்லு" என்றார் அண்ணன்.

"வேணாம், அவங்களுக்கே இருக்கட்டும்னு சொல்லு."

"நான் வந்துபோற ஆளு மலரு" என்றார் ரூபேந்திரன். குரல் இறங்கியிருந்தது. "நான் இல்லாட்டி எதாச்சும் நின்னுச்சா என்ன?"

ஊரில் பெயர் வேண்டும் என்று அடித்துக்கொள்வார்கள், இவர்கள் வேண்டாம் என்று அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த வேண்டாம் எந்த வேண்டாம் என்று மலருக்குத் தெரியாதா? நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு எழுந்து போகிற வேண்டாம். ஆறு வருடத்துக்கு முன்னால் சீர்த்தட்டோடு திரும்பிப்போன அதே வேண்டாம். சுகுமாறன் முகம் செத்துப்போய் நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலர் கைப்பையைத் திறந்து தன் ஐசி அடையாள அட்டையை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். என் பெயர் போடு, தங்கச்சி என்று மலாயில் சொன்னாள்.

இப்படியாக, கார் ஓட்ட லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு, கிளினிக் வேலைக்கு மோட்டார் சைக்கிளிலேயே போய்வருகிற மலர், ஜோகூரில் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு முதலாளி ஆனாள். கெரானைப் பார்த்துவிட்டு அண்ணன், "நல்லதும்மா" என்று மட்டும் சொன்னார். சாப்பிடக்கூட இல்லாமல் மாசாய்க்குப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. போன் போட்டால், "வேலைதான் முடிஞ்சிருச்சே மலரு, இனிமே அங்க எனக்கு என்ன இருக்கு?" என்றார்.

சுகுமாறன் அந்த ஞாயிறு முழுக்க, துடைத்த காரையே துடைத்துக்கொண்டு கேட்டைக் கேட்டைப் பார்த்தார். பொறுக்கமாட்டாமல் மலர் சொல்லியேவிட்டாள். "ஒங்களுக்கு வண்டி கெடச்சிருச்சு. எனக்கு எங்கண்ணன் போயிட்டாரு."

சுகுமாறன் துணியை உதறி மடித்தார். "பூசைக்கு வரச் சொல்லு" என்றார்.

கோயிலில் பூசை போடாமல் புது வண்டி சாலையில் இறங்குமா? சனிக்கிழமை காலை, ஒன்பது மணிக்கு ராகு காலம் பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மணியம் பூசாரி சொல்லியிருந்தார். மலர் அண்ணனுக்குச் சொன்னாள். வெள்ளிக்கிழமை இரவு வேலை இருக்கிறது, பார்க்கலாம் என்றார் அவர். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அன்றைக்குக் கோயில் வாசலில் கார் புது நம்பர் பிளேட்டோடு நின்றது. தொட்டி தொட்டி என்று சொன்னவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசணிக்காய் தயார். மலர் சிமிழைத் திறந்து, இந்த முறை நம்பர் இல்லாத இடமாகப் பார்த்துப் பொட்டு வைத்தாள். மாலை மட்டும் தட்டில் இருந்தது. அண்ணனைக் காணோம். போன் போட்டால் மணி அடித்து அடித்து நின்றது. பள்ளி விடுமுறை, பாலம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

"நேரம் போகுதுப்பா" என்றார் மணியம் பூசாரி.

கூட்டம் சுகுமாறனைப் பார்த்தது. மலர் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தச் சொல் மறுபடி வரப்போகிறது என்றே நினைத்தாள். அப்போது பார்த்து, கூப்பிடாமலேயே முன்னால் வந்து நின்றவர் யார்? செல்லப்பன்தான்!

"நான் வேணா போட்ரவா?" என்று சிரித்துக்கொண்டே தட்டிலிருந்து மாலையைத் தூக்கிவிட்டார்.

சுகுமாறன் பாய்ந்து வந்து அவர் கையிலிருந்து மாலையை வாங்கினார். கொஞ்சம் பிடுங்கினார் என்றே சொல்லலாம்.

"இருங்க. மச்சான் வரட்டும்."

"ராகு காலம் பொறந்துடும்யா" என்றார் பூசாரி.

"பொறக்கட்டும் சாமி. முடிஞ்சப்புறம் போடுவோம். பத்தரைக்கு மேல நல்ல நேரம்தானே? அப்பவும் வரலைன்னா நாளைக்கு. நாளைக்கும் வரலைன்னா தொட்டி தொட்டியாவே கெடக்கட்டும்."

மலருக்குக் கண்ணில் நீர் பொங்கிவிட்டது. திருமணமாகி இருபது வருடத்தில் இந்த மனிதரை இவ்வளவு பிடித்ததே இல்லை. கூட்டத்தைச் சமாளிக்கப் பிரசாதத்துக்கு வைத்திருந்த கடலையை எடுத்து எல்லார் கையிலும் கொடுத்தாள். வெயில் ஏறியது. ஒன்பது அடித்தது, ராகு காலம் பிறந்தது. சுகுமாறன் மாலையைக் கையில் வைத்தபடி சாலையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார். யாராவது தட்டில் வையுங்கள் என்றாலும் வைக்கவில்லை.

ராகு காலம் முடியும் தறுவாயில் ரூபேந்திரனின் கார் வந்து நின்றது. தொழிற்சாலைச் சட்டையோடு, தூங்காத கண்ணோடு இறங்கினார். எல்லாம் முடிந்திருக்கும் என்று வந்தவர் என்பது நடையிலேயே தெரிந்தது. திருநீறு வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்கிற நடை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் வெறுங்கழுத்தோடு நின்ற காரைப் பார்த்தார். பிறகு சுகுமாறன் கையில் வாடத் தொடங்கியிருந்த மாலையைப் பார்த்தார்.

"இன்னுமா போடல?" என்றார்.

"தாய்மாமன் வராம எப்படிப் போடுறது, மச்சான்?" என்றார் சுகுமாறன். "அன்னிக்கு நிக்காதது என் தப்பு. போடுங்க."

ரூபேந்திரன் மாலையை வாங்கினார். வாங்கியவருக்கு எங்கே போடுவது என்றே தெரியவில்லை. முன்விளக்குக்கும் முன்விளக்குக்கும் நடுவில் அதைச் சாத்திவிட்டு, அப்படியே நின்றுகொண்டு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "பாலத்துல சரியான ஜாம், மச்சான்" என்றார்.

"காருக்கு மட்டும்தான் மாலையா? அப்ப என் சேலை எங்க மாமா?" என்று லோஷினி கேட்டாள்.

"என் கார் பின்பொன்னட்டுல இருக்குடி. தங்காக்ல எடுத்தது அப்படியே இருக்கு" என்றார் ரூபேந்திரன். அதற்கு மேல் மலரால் முடியவில்லை, அழுதுகொண்டே சிரித்தாள். பார்த்த வெள்ளையம்மா அக்காவும் எதற்கென்று தெரியாமலேயே சேர்ந்து அழுதார்.

மணி பத்தரையானதும் பூசணிக்காய் உடைந்தது, எலுமிச்சம்பழம் நசுங்கியது. இப்போது ஒரு சங்கடம். இருப்பது இரண்டே சீட். ஆண்கள் இருவரும் மலரைப் பார்த்தார்கள். "ஓனரு நீதானே, நீ ஏறு" என்றார்கள். சாவி அவள் கையில்தான் இருந்தது. அவள் அதைக் கணவர் கையில் வைத்தாள்.

"ஓனரு சொல்றேன். ரெண்டு பேரும் ஏறுங்க."

போனார்கள். தரையோடு தரையாகச் செம்பனைக் காட்டுச் சாலையில் அந்த வெள்ளைத் தொட்டி பறந்து போனதைப் பார்க்கக் கண் கொள்ளவில்லை. போனவர்கள் சீக்கிரம் வரவில்லை. கோயில் சாப்பாடு ஆறிப்போனது. மலர் கவலைப்படவில்லை. எங்கே போனாலும் ஒன்றாகத்தானே போயிருக்கிறார்கள்? அந்த நேரத்தில் அவள் தேடிக்கொண்டிருந்தது குங்குமச்சிமிழைத்தான். பொட்டு வைத்த கையோடு எங்கே வைத்தாளோ, தட்டிலும் இல்லை, பையிலும் இல்லை.

கடைசியில் வந்து சேர்ந்தார்கள். இறங்கும்போதே சண்டை போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

"பின்னால டக்கு டக்குன்னு ஒரு சத்தம், மச்சான். எக்ஸாஸ்டைப் பிடிச்சிருக்கிற பட்டிதான் லூசு."

"பட்டியாவது? ஆக்ஸில் பக்கம் மச்சான். திரும்பும்போது நல்லாக் கேக்குதுலா!"

"நேராப் போனாலும் கேக்குது."

"அப்ப மொத்தமாக் கழட்டித்தான் பாக்கணும்" என்ற ரூபேந்திரன் தங்கை பக்கம் திரும்பினார். "மலரு, ஞாயித்துக்கிழம காலையிலயே வந்துடுறேன். இட்லி செஞ்சு வை. இது ஒரு வாரத்துல முடியற வேலை இல்ல."

சொல்லிவிட்டு, தொழிற்சாலைச் சட்டையோடு அப்படியே கீழே படுத்துக் காருக்கு அடியில் தலையை விட்டார். அந்தப் பக்கத்தில் வேட்டியோடு சுகுமாறனும் படுத்தார். கோயில் வாசலில் இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

மலர் முதன்முறையாகத் தன் காரில் ஏறி உட்கார்ந்தாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு சாய்ந்தபோது முதுகுக்குப் பின்னால், சீட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில், ஏதோ டக்கென்று உருண்டது. கையை விட்டுத் தொட்டுப் பார்த்தாள். வெள்ளி, உருண்டை மூடி. அவளுடைய சிமிழ்.

எடுக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். காருக்கு அடியில், "ஆட்டுங்க மச்சான், ஆட்டுங்க" என்று ஒரு குரல் கேட்டது. "ஆட்டுறேன் மச்சான், கேக்குதா?" என்று இன்னொரு குரல் கேட்டது. மலர் விரலால் சிமிழை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டாள்.

"சத்தம் பெருசாத்தாண்ணே இருக்கு" என்றாள். "அவசரப்படாம, நல்லா மெதுவாப் பாருங்க."